பின்னலின் நிழல்

திரையில் இருந்த மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்புகளை டாக்டர் விரலால் தொட்டு எண்ணினார். எட்டோடு நின்றுவிட்டது.

பத்தாவது தெரிய வேண்டும். மூச்சை முழுதாக இழுக்கவில்லை.

கழுத்துக்குக் கீழே இரு பக்கமும் இருக்கும் காறை எலும்புகள் இரண்டும் முதுகுத்தண்டிலிருந்து ஒரே தூரத்தில் இல்லை. ஆள் லேசாகத் திரும்பி நின்றிருக்கிறார்.

வலது நுரையீரலின் உச்சியில் ஒரு நிழல் இருந்தது. அதை இன்னும் பார்க்கவில்லை என்று அவர் வைத்துக்கொண்டார்.

படம் சரியில்லை, மறுபடி எடுக்கவும் என்று சொல்லி அனுப்பினார். ஒரு படம் மோசமாக வந்ததற்கு அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் ‘பின்னல் டாக்டர்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது. ஓர் இளம்பெண்ணின் படத்தில் இதே இடத்தில் நிழல். படத்தை எப்படி எடுத்தார்கள் என்று பார்க்காமலே காசநோய் என்று எழுதிவிட்டார். சூட்டோடு சூடாக மாத்திரையும் தொடங்கிவிட்டார்கள். கைக்குழந்தையை மாமியார் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த படத்துக்கு அந்தப் பெண் கொண்டை போட்டுக்கொண்டு வந்தாள். நிழலைக் காணோம்.

பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். நிழல் காறை எலும்பைத் தாண்டிக் கழுத்துவரை ஏறியிருந்தது. நுரையீரல் கழுத்தில் இருக்காது. தோளில் தொங்கிய ஈரப் பின்னலைத்தான் நோய் என்று எழுதியிருந்தார்.

அவள் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப என் புள்ளைய நான் தூக்கலாமா?”

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை. பல் தேய்க்கும்போது வரும். படிக்கட்டு ஏறும்போது வரும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள்; இவரோ தினமும் அடுப்பங்கரையிலேயே உட்கார வேண்டிய பூனை.

அதனால்தான் படம் பார்ப்பதற்கு ஒரு வரிசைமுறை வைத்துக்கொண்டார். முதலில் படத்தின் மூலையில் இருக்கும் நோயாளியின் பெயர். அப்புறம் மூச்சு, நின்ற நிலை, கதிரின் அளவு. எல்லாம் தேறிய பிறகுதான் நோய்.

இன்று மட்டும் அந்த மூலைக்கு அவர் கண் போகவில்லை.

இரண்டாவது படம் வந்தது.

பத்து விலா எலும்புகள். காறை எலும்புகள் தராசுத் தட்டு மாதிரி சமமாக இருந்தன. இதயத்துக்குப் பின்னால் முதுகெலும்பு மங்கலாக, தெரிய வேண்டிய அளவுக்குத் தெரிந்தது. தோள்பட்டை எலும்புகள் ஒதுங்கி நின்றன. மாணவர்களுக்குக் காட்டலாம், அவ்வளவு சுத்தமான படம்.

குறை சொல்ல ஒன்றுமில்லை என்று ஆனதும் அவர் மறுபடி முதல் விலா எலும்பிலிருந்து எண்ணினார்.

நிழல் அங்கேயேதான் இருந்தது. கோலிக்குண்டு அளவு. காறை எலும்பைத் தாண்டவில்லை, கழுத்துக்கு ஏறவில்லை. நுரையீரலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

எந்தத் தப்பை நினைத்து இத்தனை வருடம் வெட்கப்பட்டாரோ, அதே தப்பு இன்னொரு தடவை நடந்துவிடாதா என்று ஏங்கினார்.

“பின்னல் விழுந்திருக்கு. தூக்கிக் கட்டிட்டு இன்னொரு தடவை எடும்மா.”

டெக்னீஷியன் பெண் நகரவில்லை. பதினோரு வருடமாக அவரோடு வேலை பார்ப்பவள். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. எக்ஸ்ரே அறையின் கதவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

“சார்... அக்காவுக்கு ஏது சார் பின்னல்?”

அவருக்குத் தெரியாதா?

மார்புப் புற்றுக்கு மருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாவது வாரம், வீட்டுக் குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு அவளை உட்காரவைத்து, அவர்தான் தன் கையால் மழித்துவிட்டார். கீழே கிடந்த முடியை அள்ள மனமில்லாமல் அவர் நின்றபோது, இனி காலையில் சீப்பைத் தேட வேண்டாம் என்று சிரித்தவள் அவள்தான்.

பாதி திறந்திருந்த கதவு வழியாக மனைவியின் குரல் வந்தது.

“என்னங்க, மூச்ச விட்டுறலாமா? இல்ல, இன்னும் பிடிச்சுக்கிட்டேதான் நிக்கணுமா?”