ஒரு தம்பி போதும்

தம்பி ஒருவன் போதும் என்று பார்ஸ்லோ துரை முடிவு செய்துவிட்டார்.

லண்டன் மேடைக்குப் பதினொரு நாடகமும் சினிமாவுக்கு நான்கு கதைவசனமும் எழுதிய மனிதர். வயதான காலத்தில் மகளோடு இருக்க ஆக்லாந்துக்கு வந்தவர். அகதிகளுக்கு வாக்குமூலம் எழுதிக்கொடுக்க ஆள் தேவை என்று சான்ட்ரிங்ஹாம் தேவாலயத்தில் கேட்டபோது முதலில் எழுந்த கை அவருடையது. இருபது வருஷமாக யாரும் அவரிடம் ஒன்றும் எழுதக் கேட்டிருக்கவில்லை.

அப்படி அவரிடம் எழுத வந்த குலசிங்கத்தின் விசா இன்றோடு முடிகிறது. அகதி என்று ஏற்றுக்கொண்டால் தங்கலாம். யாழ்ப்பாணத்தில் மிஞ்சியிருக்கிற தம்பியையும் கூப்பிடலாம்.

அவன் சொன்னது எளிய கதை. தம்பிமார் இரண்டு பேர். எண்பத்தைந்தில் குணரத்தினத்தை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். தியாகலிங்கம் வாழைத்தோட்டத்துக்குள் ஓடித் தப்பினான்.

துரைக்கு அது சரிப்படவில்லை. ஒருவன் தப்பிவிட்டால் வாசிக்கிறவனின் கண்ணீர் பாதியில் நின்றுவிடுமாம். போர்ப்படம் ஒன்றில் மூன்று நிஜச் சிப்பாய்களை ஒரே ஆளாக்கி விருது வாங்கியவர் அவர். மற்ற இரண்டு பேரின் விதவைகளும் கோபமாகக் கடிதம் போட்டார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

விடுபட்ட தம்பியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று குலசிங்கம் நினைத்தான். எழுத மறந்துவிட்டேன் என்றால் போயிற்று.

நான்கு பக்கம், சுத்தமான தட்டச்சு. அவன் மனைவி உஷா இரண்டாம் பக்கத்திலேயே மூக்கை உறிஞ்சத் தொடங்கினாள்.

"என்னப்பா, நீங்கள் சொல்லேக்க எனக்கு இப்பிடி அழுகை வரேல்லையே!"

தம்பியின் பெயரைத் துரை கடைசி வரிவரை ஒளித்து வைத்திருந்தார். அது ஒரு உத்தியாம்.

குலசிங்கம் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தான். செத்தவன் தியாகலிங்கம் என்று இருந்தது.

துரை பொறுமையாக விளக்கினார். குணரத்தினத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னாயா? மற்றவன்தான் கிரிக்கெட் ஆடுகிறான், திக்கித் திக்கிப் பாடுகிறான், ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைக்கிறான். சாவதற்கு அவன்தான் பொருத்தம்.

மணி மூன்றே கால். குடிவரவு அலுவலகத்தை நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். திரும்ப அடிக்க நேரமில்லை. பேனாவால் வெட்டித் திருத்தினால் சந்தேகப்படுவார்கள் என்றார் துரை.

குலசிங்கம் கையெழுத்து வைத்தான்.

"என்ன, ஏதும் பிழையோ?" என்றாள் உஷா.

"இல்லை. நல்லா எழுதியிருக்கிறார்."

சட்டைப் பையில் நேற்று வந்த கடிதம் இருந்தது. அண்ணை, பாஸ்போட் எடுத்திட்டன், இனி எல்லாம் உங்கட கையிலதான் என்று தியாகலிங்கம் எழுதியிருந்தான்.