இறக்கைக்கு இடம் எங்கே?

"இது செத்துப்போயிடும்" என்றான் ஷர்ஷென், குனிந்து குதிரையின் மார்பைப் பார்த்தபடி. "மூச்சு விடவே இடமில்ல. விலா எலும்பு எப்படி நெருக்குது பாரு."

"நேத்து கால் சரியில்லன்னீங்க. மாத்தினேன். இன்னைக்கு நெஞ்சா?" பெர்மெத் பென்சிலை மேசையில் எறிந்தாள்.

காகிதத்தில் நின்றது துல்பார், பறக்கும் குதிரை. கோடையில் ஏரிக்கரைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குத் துல்பார் படம் வரைந்து விற்பதுதான் பெர்மெத்தின் தொழில். அவள் கணவன் ஷர்ஷென் முரட்டுக் குதிரைகளைப் பழக்குகிறவன். வரைந்த குதிரையையும் விட்டுவைக்க மாட்டான்.

"இறக்கைய ஏதோ சேணம் மாதிரி முதுகுல தூக்கி வச்சிருக்க. அதை அடிக்கிற சதை எங்க? எந்த எலும்பைப் பிடிச்சுக்கிட்டு இழுக்கும்?"

"கதையில வர்ற குதிரைக்கு எலும்பு எதுக்குங்க?"

"அப்ப கதையிலயே இருக்கட்டும். குதிரைன்னு சொல்லி என்கிட்ட காட்டாத."

சொல்லிவிட்டு லாயத்துக்குப் போய்விட்டான். அங்கே அவனுடைய சாம்பல் நிறக் குதிரை துமான் நின்றது. குதிரை மேலிருந்தபடி ஆட்டைப் பறித்துத் தூக்கும் பந்தயத்தில் மூன்று ஊர்களைத் தோற்கடித்த குதிரை. விலைக்குக் கேட்டு வந்த எல்லோரையும் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான் ஷர்ஷென்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வாத்து. தட்டில் மிஞ்சிய நெஞ்செலும்பைப் பெர்மெத் கழுவி எடுத்து வைத்துக்கொண்டாள். நடுவில் படகின் அடிக்கட்டை போல ஒரு தகடு எழும்பி நின்றது. இறக்கைச் சதை ஒட்டியிருந்தது அங்கேதான்.

மறுநாளிலிருந்து கணவன் வெளியே போகும் நேரம் பார்த்து லாயத்துக்குள் நுழைந்தாள். துமான் பார்லி தின்றுகொண்டிருக்கும்போது அதன் தோளையும் விலாவையும் தடவித் தடவி எலும்பைக் கண்டுபிடித்தாள். முன்னங்காலின் தோள்பட்டைக்குப் பின்னால், இறக்கைக்கென்று இன்னொரு தோள்பட்டை வைத்தால் என்ன?

ஏரிக்கரைக் கடையில் உட்கார்ந்து அதை அவள் கிறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆட்டுத்தோல் தொப்பிக்காரர் வந்தார். கிறுக்கலை வெகுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, எனக்கு இதே மாதிரி ஒரு குட்டி வேணும். இறக்கை இப்பதான் முளைவிடுது. உள்ள எலும்பு, சதை எல்லாம் தெரியணும். பழுப்பேறின தாளா இருந்தா இன்னும் அழகு."

"பழுப்பாக்கிடலாம் அண்ணா. தேயிலைத் தண்ணியில ஊறவச்சாப் போதும்."

"கீழ உன் பேரைப் போடாத. கண்ணாடிச் சட்டம் போடறப்ப மறைஞ்சிடும்."

மூன்று நாளில் முடித்தாள். எலும்பு முதலில், அதன் மேல் சதை, கடைசியில் தோல். பென்சிலைக் கீழே வைத்தபோது அவளுக்கே அந்தக் குட்டியின் கழுத்தைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. ஷர்ஷெனிடம் காட்ட ஆசைதான். ஆனால் காட்டினால் இதற்கும் ஒரு நோயைக் கண்டுபிடிப்பான். பேசாமல் சுருட்டித் தொப்பிக்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷர்ஷென் துமான் மேல் ஏறிக் கால்நடைச் சந்தைக்குப் போனான். வாங்க வேண்டியது ஒரு சேணவார் மட்டும்தான்.

மதியம் நடந்து வந்தான். கையில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் எலும்பும் தோலுமாக ஒரு குதிரைக்குட்டி. அவன் முகம் மட்டும் பளபளத்தது.

"துமான் எங்க?"

"கொடுத்துட்டேன். கொடுத்துட்டு இவனை வாங்கினேன்."

பெர்மெத் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க சொல்றீங்க? துமானையா?"

"மெதுவாப் பேசு, மிரண்டுடுவான்." அவள் கையைப் பிடித்துக் குட்டியின் தோளுக்குப் பின்னால் வைத்தான். தோலுக்கடியில் வாதுமைக் கொட்டை அளவில் ஒரு புடைப்பு. மறுபக்கமும் ஒன்று. "தெரியுதா? துல்பார்!"

"ஏதோ பூச்சி கடிச்ச வீக்கம்! குதிரையோடவே பொறந்து வளர்ந்த ஆளு நீங்க. எவனோ சொன்னான்னு இப்படி ஏமாந்துட்டு வந்து நிக்கிறீங்களே!"

"ஏமாறவா? வாய்ப்பேச்சை நான் என்னைக்கு நம்பினேன்? சாட்சி கேட்டேன், வித்தவரு, ஆட்டுத்தோல் தொப்பிக்காரரு, எடுத்துக் காட்டினாரு. பத்துப் பேர் சுத்தி நின்னாங்க. நான் முந்திக்கிட்டேன்."

சட்டைக்குள்ளிருந்து ஒரு துணிப் பொட்டலத்தைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்தான். உள்ளே பழுப்பேறிய தாள். பிரித்தபோது லேசாகத் தேயிலை வாசம் வந்தது. பெர்மெத்தின் கண் தாளின் கீழ் ஓரத்துக்குப் போனது; அங்கே பேர் இல்லை.

"இங்க பாரு, நெஞ்சுல எலும்பு எப்படி எழும்பி நிக்குது! சதை பிடிச்சு இழுக்க அதுதான் இடம். தோளுக்குப் பின்னால இன்னொரு தோள். ஒரு நரம்பு இடம் மாறல. கண்ணால பாக்காம ஒருத்தராலயும் இப்படி வரைய முடியாது. சத்தியமாச் சொல்றேன் பெர்மெத், இப்படி ஒரு கையை நான் பாத்ததே இல்ல."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஷர்ஷென் ஒரு படத்தைப் புகழ்ந்து அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. அவனை உதைப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. பின்னால் குட்டி அவளுடைய தலைத்துணியைச் சவைக்கத் தொடங்கியிருந்தது.

"யாரு... யாரு வரைஞ்சதாம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஷர்ஷென் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"பேரு தெரியல. மகராசன், செத்து முந்நூறு வருஷமாச்சாம்!"