செவலைக்கிடாவும் மூக்குப்புட்டியும்

காட்டுக் கால்பந்தில் செவலைக்கிடாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பந்து எங்கே வந்தாலும் தலையால் முட்டும். சில சமயம் பந்து வராவிட்டாலும் முட்டும். தலை கிறுகிறுத்து நின்றால் போதும், குரங்கு ஓடிவந்து காரநெடி அடிக்கும் ஒரு புட்டியை மூக்கில் காட்டும். நெடி சுள்ளென்று மண்டைக்கு ஏறும். கிடா ஒரு தும்மல் போட்டுவிட்டு மறுபடி பாயும்.

இறுதியாட்டத்தன்று நடுவர் ஆமை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னது: "இன்னையிலிருந்து புட்டிக்குத் தடை. அதை மோந்துட்டு எல்லாரும் துள்ளுறீங்க. யாருக்கு அடிபட்டிருக்குன்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

குரங்கு தலையாட்டிவிட்டு, புட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

ஆட்டம் சூடுபிடித்தபோது கிடா கோல் கம்பத்தில் ணங்கென்று மோதி விழுந்தது. குரங்கு நைசாகப் புட்டியை நீட்டியது. கிடா துள்ளி எழுந்தது. ஆமை பார்த்துவிட்டது.

"செவலை, வெளிய வா. வைத்தியர் பார்க்கட்டும்."

கிடாவுக்கு வந்ததே கோபம்!

"நடுவரே, இது அநியாயம்! எனக்கு என்ன குறைச்சல்? கண்ணு பளிச்சுன்னு தெரியுது. உங்க முகத்துல இருக்கிற ஒவ்வொரு சுருக்கமும் தெரியுது. லேசா மோந்தது ஒரு குத்தமா? பதில் சொல்லுங்க. ஏன் இப்படிக் கம்பம் மாதிரி நிக்கிறீங்க?"

"செவலை," என்று பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டது ஆமை, "அது கம்பம்தாம்ப்பா. நான் இங்க இருக்கேன்."

கிடா திரும்பவேயில்லை.

"யாருப்பா அது நடுவுல? நான் நடுவர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்ல?"