முறைவைத்த சூடு

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் சேலைத் தொட்டில்கள் வெறுமையாகத் தொங்குகின்றன. வெள்ளை உடுப்புக்காரர் நீட்டிப் பிடிக்கும் கருவி ஒவ்வொரு தொட்டிலின் கீழும் படபடவென்று பொரிகிறது. வாசலில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற தவமணி முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். தேயிலை நிரைக்கிடையில் பனியிலும் தானாகவே சுட்டுக்கொண்டு கிடந்த சிரட்டையளவு இரும்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தவள் அவள்தான். அது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்து நொறுங்கி விழுந்த செய்மதியின் அணுமின்கலம், அதிலுள்ள வெடிப்பு வழியே கதிர்வீச்சு நஞ்சு கசிகிறது என்று சொல்லி, சற்றுமுன் அதை ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஓடிவந்த தாய்மார் பிள்ளைகளை அணைத்தபடி வேலியோரம் நிற்கிறார்கள்.

"எந்தப் பிள்ளைக்குக் கீழ வச்சீங்க, அம்மா?" என்று கேட்கிறார் வெள்ளை உடுப்பு அதிகாரி.

"குளிருக்கு ஒரு புள்ளைக்கு மட்டும் வச்சா மத்ததுக பாவம்னு..." தவமணி வெறுந்தொட்டில்களைப் பார்க்கிறாள். "முறை வச்சி, மாத்தி மாத்தி, எல்லாப் புள்ளைக்கும் வச்சேங்க சார்."

வேலியோரத் தாய்மாரில் ஒருத்தியான கோசலாவின் இடுப்பிலிருக்கும் குழந்தை தவமணியைக் கண்டதும் சிரிக்கிறது, தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டுகிறது. தவமணி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள்.