பதினாலு நாள் கட்டு

விழித்திரை கிழிந்த ஆபேலுக்கு ஆபரேஷன் செய்து, இரண்டு கண்ணையும் கட்டினார் டாக்டர். "பதினாலு நாள் தலை அசையக்கூடாது, அழக்கூடாது. முன்பு செய்த ஐந்து பேருக்கும் தலை அசைந்துதான் பார்வை போனது."

மறுநாள் ஆபேல் கேட்டார். "நேசம்மா வரலியா வேய்?"

"உம்ம பெண்டாட்டி குளச்சலுக்குப் போயிருக்கா. அவ அம்மைக்குக் காய்ச்சலு" என்றார் கம்பவுண்டர் ஜெபதாஸ். கோயில் பாட்டில் அவருக்குத் தப்பும் சுருதி, பொய்யிலும் தப்பியது. ஆபேல் அப்புறம் கேட்கவேயில்லை.

பதினைந்தாம் நாள் கட்டு அவிழ்ந்தது. "ஜன்னல் தெரியுது!"

ஜெபதாஸ் உடைந்தார். "மன்னிச்சிரும் ஆபேல். உமக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கே நேசம்மா காலராவுல போயிட்டா."

"தெரியும் வேய். நீரு பொய் சொன்ன அன்னைக்கே அவளே வந்து சொல்லிட்டா. அழுதா கண்ணு போயிரும்னு, நேத்துவரை என் தலையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா."

ஆபேல் டாக்டரிடம் திரும்பினார்.

"இனி அழலாமா அய்யா?"