போயிட்டு வரேன்

அரசி சாகும் காட்சிக்கு டப்பிங் பேசிய நறுமுகை, "நான் போறேன்" என்றுதான் சொல்லியிருந்தாள். வீட்டு டிவியிலோ, அந்த அரசி அவளுடைய குரலிலேயே "போயிட்டு வரேன்" என்று சிரித்தபடி கண்ணை மூடினாள். யாரைக் கேட்டு மாற்றினார்கள்? குழந்தைகள் தொடரில் யாரும் சாகக் கூடாதாம். வில்லன்கூடத் தோற்ற கையோடு திருந்திவிட வேண்டுமாம். சாவு வீட்டில் யாராவது 'வரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? அவள் குரலிலேயே வசனத்தை மாற்றிய ஏஐ கருவிக்கு அந்த இங்கிதம்கூடத் தெரியவில்லை.

"அப்பாவும் போயிட்டு வரேன்னுதானே சொன்னாரு? அரசி மாதிரி வந்துடுவாருல்ல?" என்றாள் மகள் ஆதிரை. கெட்ட பேச்சு எதுவும் காதில் விழாமல் நல்ல பேச்சாக மாற்றித் தரும் என்று தொடரோடு கொடுத்த இயர்போனை அவள் கழற்றுவதே இல்லை.

கணவனை எரித்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. நறுமுகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா செத்துட்டாருடி! இனிமே வரவே மாட்டாரு!"

ஆதிரை சிரித்தாள். "வந்துடுவாருன்னு நீயே சொல்றே. அப்புறம் ஏம்மா அழறே?"

நறுமுகை அந்த இயர்போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். மகளின் வெறும் காதில் வாயை வைத்து, மறுபடியும் சொன்னாள்.