நிலை சேரும் வரை

“சத்தம் போடாத வடிவு. மாத்திரை போட்டுட்டு இப்பத்தான் கண்ணசந்தாக” என்று வாசலை மறித்து நின்றாள் சந்தனச்செல்வி.

“தேரோட்டத்தன்னிக்கா? அண்ணன் இல்லாம சக்கரத்துக்கு யாரு கட்டை போடுவா?” பக்கத்து வீட்டு வடிவு உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்புறம் வாசல் தரையைப் பார்த்தாள். “சரி மைனி, வாரேன்” என்று விறுவிறுவெனக் கோயில் பக்கம் போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டுச் சந்தனச்செல்வி கட்டிலோரம் உட்கார்ந்தாள். புருசன் இசக்கியப்பன் விடியுமுன்னே போய்ச் சேர்ந்துவிட்டார். அழுகை வரவில்லை. கோலப்பொடியைக் கையில் எடுத்து, மனசு வராமல் திருப்பி வைத்ததோடு சரி.

புறாமலை ஊருக்குள் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை கோயில் நடை திறக்காது, தேர் நகராது. பாண்டியர் காலத்துக் கோயிலின் கட்டுப்பாடு அது. இன்றைக்கோ தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அச்சு முறிந்து வருசக்கணக்காக ஓடாமல் கிடந்த தேர். யார் யார் காலிலோ விழுந்து அதைச் சரிபண்ண வைத்தவர் இசக்கியப்பன்தான். “நான் கெடந்தாலும் போனாலும் தேரு நிக்கப்படாது, ஏளா” என்று ராத்திரி சொன்னதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் அவள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

வடம் பிடிக்கும் கூச்சல் மலையில் மோதித் திரும்பியது. மேளச்சத்தம் மட்டும் தெருமுனையோடு நின்றுவிட்டது, உள்ளே வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

உச்சிவெயிலில் வேட்டுச்சத்தம் கேட்டது. தேர் நிலைக்கு வந்துவிட்டது. இனி சொல்லிவிடலாம் என்று எழுந்து கதவைத் திறந்தாள்.

வாசலில் கோயில் தர்மகர்த்தா நல்லக்கண்ணு நின்றார். அவருக்குப் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு ஊர் நின்றது.

“அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. அவுக விடியுமுன்னயே போயிட்டாக. ஊருக்குச் சொல்லாம மறைச்சிட்டேன்.”

நல்லக்கண்ணு தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“கோலமில்லாத ஒன் வாசலப் பாத்துட்டுத்தான் தாயி, ஊரே வடத்தத் தொட்டுச்சி.”